ஆயிரத்துக்கு மூன்று பேர்

என் கடையிலிருந்து போகும் மடல்கள் குப்பையில் விழுகின்றன என்று முதலில் சொன்னவர் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. வாரம் ஒருமுறை நான் அனுப்பும் மின்னஞ்சல் மடலில் படம் பார்த்துவிட்டு, "அந்த மூணாவது சேலைய எடுத்து வைம்மா" என்று போன் செய்பவர் அவர். அன்று குரலில் குறை இருந்தது.

"இந்த வருஷம் என்னைய மறந்துட்டியா?"

"இல்லலா டீச்சர். தீபாவளிக்குன்னே ஆறு மடல் அனுப்பியிருக்கேன்."

"எனக்கு ஒண்ணும் வரல."

அவருடைய மகள் போனை வாங்கித் தேடிப் பார்த்தாள். ஆறும் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தன. மேலே பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லும் ஏமாற்றுக்காரன், கீழே உடம்பு இளைக்க மாத்திரை விற்பவன், நடுவில் இருபத்தாறு வருஷமாகப் பினாங்கில் சேலை விற்கும் நான். பக்கத்தில் எச்சரிக்கைக் குறி வேறு. எனக்கு அவமானத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டன.

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. இதை நான் மறைப்பதும் இல்லை. சேலையைத் திருப்பித் தர வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். கூரியர்காரர் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைக் கொடுத்தால், ஏன் சிரிக்கிறார் என்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அதனால் மடல்கள் குப்பைக்குப் போகின்றன என்றதும் எனக்கு வந்த முதல் கேள்வி, யார் இதைச் செய்வது என்பதுதான். எப்படி நடந்தது என்று கேட்கவே தோன்றவில்லை.

அந்த மடல் பட்டியலை நான் சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். நாலாயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பாதிப் பேர் தீபாவளி லக்கி டிரா சீட்டில் மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தவர்கள். ஹேம்பர் கூடை பரிசாகக் கிடைக்கும் என்று எழுதியவர்களுக்குச் சேலைப் படம் போனது. மீதியில் பெரும்பகுதி என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள். மண்டப வாசலில் நோட்டு ஒன்றை வைத்து, "கல்யாண போட்டோ அனுப்புறோம், ஈமெயில் எழுதுங்க" என்று எல்லாரிடமும் வாங்கினோம். போட்டோவும் அனுப்பினோம். அதோடு அத்தனை பேரையும் கடைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். நம் வீட்டில் வந்து சாப்பிட்டவர்கள் நம் கடைச் சேலையைப் பார்க்க மாட்டார்களா என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மடலின் தலையிலேயே ஒரு பொத்தான் உண்டு. இனி வேண்டாம் என்பவர்கள் அதை ஒரு தடவை அமுக்கினால் போதும், பட்டியலிலிருந்து விலகிவிடலாம். அப்படி விலகியவர்களின் பெயர் மறுநாள் காலை என் போனுக்கு வரும். நான் கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு, எட்டு மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன்.

"பசியாறிட்டீங்களா? ஒண்ணுமில்ல, நம்ம மேல எதுவும் மனவருத்தமா?"

இது எங்கள் ஆட்களின் வழக்கம். விசேஷத்துக்கு வராதவரைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்போம். வந்து சாப்பிடாமல் போனவரை விடவே மாட்டோம். கேட்காமல் விட்டால்தான் தப்பு, மதிக்கவில்லை என்று பேச்சு வரும். கடை மடலிலிருந்து ஒருவர் விலகினால் நான் எப்படிச் சும்மா இருப்பது? கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர், "அய்யோ, கை தெரியாமப் பட்டிருச்சுக்கா" என்பார்கள். சரி என்று மறுபடி சேர்த்துவிடுவேன். என் வாடிக்கையாளர்களை நான் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு அதில் ஒரு பெருமை.

கடையின் இணையதளத்தையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொண்டவர் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒருவர். நாற்பது வயதிருக்கும். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தவர், சொந்தமாகச் செய்யலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் அதை விட்டுவிட்டு வந்தார். எங்கள் தெருவில் மட்டும் எட்டுக் கடைகளுக்கு அவர்தான். மோட்டார் சைக்கிளோடு கடல் கடக்கும் ஃபெரியில் ஏறி வருவார், கடை கடையாகப் போவார், சாயங்காலம் திரும்புவார். அதிகம் பேச மாட்டார். அதிகம் பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

ஆசிரியை போன் செய்த அன்று மதியமே அவரை வரச் சொன்னேன். பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியிருந்த மூலையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"இப்பல்லாம் பெரிய மெயில் கம்பெனிங்க சும்மா உள்ள விட மாட்டாங்கக்கா. நெறைய பேருக்கு அனுப்புறவங்க மூணு அத்தாட்சி காட்டணும்."

"என்னா அத்தாட்சி?"

"நம்ம கடை பேர்ல எந்தெந்த செர்வர் அனுப்பலாம்னு ஒரு லிஸ்ட். ஒவ்வொரு மடலுக்கும் ஒரு சீல், வழியில யாரும் மாத்தலன்னு காட்ட. மூணாவது, இந்த ரெண்டும் ஒத்து வராத மடல் நம்ம பேர்ல வந்தா அத என்ன செய்யணும்னு நாமளே எழுதி வைக்கிறது. நம்ம அடையாள அட்ட, ஐசி மாதிரின்னு வச்சுக்குங்களேன்."

"நம்மகிட்ட இருக்கா?"

"மூணும் போன வருஷமே போட்டாச்சு. ஒரே அமுக்குல விலகுற பட்டனும் அவங்க ரூல்தான். அதுவும் இருக்கு."

"அப்புறம் ஏன் குப்பைக்குப் போகுது?"

"ஐசி சரியா இருந்தா மட்டும் போதாதுலா. நம்ம மேல புகார் இருக்கக் கூடாது. மடல் வாங்குறவங்க 'இது ஸ்பேம்'னு அமுக்குறாங்க பாருங்க, அது ஆயிரத்துக்கு மூணு பேருக்கு மேல போகக் கூடாது. நமக்குப் போகுது."

"யார் அந்த மூணு பேர்?"

"பேர் வராதுக்கா. கோடு மட்டும்தான் காட்டுவாங்க." திரையில் புகார்களின் வரைபடக் கோடு ஒன்றைக் காட்டினார். வருஷ ஆரம்பத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

புகார் கொடுத்தவன் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு தண்டனை மட்டும் கொடுப்பார்களா? எனக்கு அது கதைபோல இருந்தது. பெயர் அவருக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார் என்றே நினைத்தேன். அவர் எழுந்து போகும்போது தயங்கி நின்று, "விலகுனவங்க பேர் மறுபடியும் உள்ள வருது. அக்கா சேக்குறீங்களா?" என்று கேட்டார்.

"அவங்களே கேட்டாங்க, சேத்தேன்."

"விடுறவங்கள விட்டுருங்கக்கா."

என் வாடிக்கையாளர்கள் போனால் போகட்டும் என்று சொல்ல இவருக்கு என்ன வந்தது? அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே தென்படும். மூன்று கடை தள்ளி இருக்கும் சேலைக் கடையும் அந்த மாதம் மடல் அனுப்பத் தொடங்கியது. மேலே ஒரு பெரிய படம், கீழே மூன்று சிறிய படங்கள், அச்சு அசல் என்னுடையதுதான். அந்தக் கடைக்கும் இவர்தான் ஆள். என்னிடம் வாங்கும் இரண்டு பேர், அந்த மடலும் தங்களுக்கு வருகிறது என்றார்கள். ஒரு நாள் நான் பின்னால் வந்து நின்றதும் அவர் லேப்டாப்பைப் பாதி மூடினார். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் எனக்கு வரும் விலகியவர்கள் பெயர் திடீரென்று நின்றுவிட்டது. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் இல்லை, ஒரு வாரமாகியும் இல்லை. நாலாயிரம் பேரில் ஒருவர்கூட விலகவில்லையா? என்னை முட்டாள் என்று நினைத்துவிட்டார்.

நான் ஒரு சோதனை வைத்தேன். இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, அதை என் பட்டியலில் நுழைத்தேன். உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் அந்த முகவரி தெரியாது. பட்டியல் களவு போயிருந்தால் மூன்றாவது கடையின் மடல் அங்கேயும் வரும். பத்து நாள் மணிக்கொரு தரம் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அதோடு என் சந்தேகம் செத்திருக்க வேண்டும். எனக்கு அது இன்னும் பெருத்தது. பொய் முகவரியைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்திருக்கிறார், எவ்வளவு பெரிய கைகாரர் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அது எனக்கு வெட்ட வெளிச்சமாக இருந்தது.

அவர் அடுத்த முறை வந்தபோது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"காலையில வர்ற லிஸ்ட்ட நிறுத்துனது யாரு?"

"நான்தான்க்கா."

"யாரக் கேட்டு?"

"சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல. நீங்க போன் போடறத நிறுத்தணும்க்கா. புகார் அதனாலதான் ஏறுதோன்னு…"

"என் ஆளுங்ககிட்ட நான் பேசறதுக்கு உன்கிட்ட பெர்மிட் எடுக்கணுமா?" வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் நீ, உன் என்று இறங்கிவிட்டேன். "என் லிஸ்ட்ட யாருக்கு வித்த?"

சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. "நான் யாருக்கும் விக்கலக்கா" என்று ஒரே தடவை சொன்னார். எல்லாக் கடவுச்சொல்லையும் இப்போதே எழுதிக் கொடு என்றேன். உட்கார்ந்து ஒரு தாளில் வரிசையாக எழுதினார். எது எதற்கு என்று தமிழில் பக்கத்திலேயே குறித்தார். மேசைமேல் வைத்துவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். தப்புச் செய்யாதவன் என்றால் சண்டை போட்டிருப்பானே, இப்படி அடங்கிப் போவானா என்று அதையும் நான் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருக் கடைக்காரர்களுக்கு ஒரு வாட்சாப் குழு இருக்கிறது. குப்பை லாரி வரவில்லை, தண்ணீர் நிற்கப் போகிறது, கோயில் ஊர்வலத்துக்குச் சாலையை மூடுகிறார்கள் என்று அதில்தான் செய்தி வரும். அன்று மத்தியானம் அதில் எழுதினேன். நம் கடை விவரங்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பார்த்துக்கொள்கிறவரிடம் எல்லாரும் எச்சரிக்கையாக இருங்கள், என் பட்டியல் வெளியே போயிருக்கிறது, அனுபவித்தவள் சொல்கிறேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. எட்டுக் கடைக்கும் ஒரே ஆள். எங்கள் தெருதான் அவருக்குச் சோறு என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இதை நான் இங்கே மழுப்ப விரும்பவில்லை.

முதலில் பதில் போட்டவர் மூலையில் மசாலாக் கடை வைத்திருக்கும் பாய். "நல்ல வேள சொன்னீங்கக்கா. நானும் யோசிச்சேன், அவர் ஏன் எப்பவும் அமைதியா இருக்காருன்னு." அந்த வாரத்துக்குள் பாயும் இன்னும் இரண்டு கடைகளும் அவரை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் தீபாவளி கழியட்டும், பார்ப்போம் என்றார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஊருக்கு ஒரு நல்லது செய்ததாக நினைத்தேன்.

அவர் போன பிறகும் மடல்கள் குப்பைக்குத்தான் போயின.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுருவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். தாமான் வீடு, குடியிருப்பில் வரிசையாகக் கட்டியவற்றில் ஒன்று. காற்றாடிக்குக் கீழே சாப்பாட்டு மேசையில் அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் போன் பக்கத்தில் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குப் போகும்படி நான் ஒரு மடலை முன்பே ஏற்பாடு செய்திருந்தேன். சரியாகப் பன்னிரண்டுக்கு அவள் போன் சிணுங்கியது. நல்ல வேளை, என் அக்காவுக்காவது வருகிறதே என்று மகிழ்ந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் மீன் செதில். வலது கைச் சுண்டுவிரலை மட்டும் நீட்டி இரண்டு தட்டுத் தட்டினாள். மடல் மறைந்துபோனது. பேச்சுகூட நிற்கவில்லை, பேரன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டே செய்தாள். திரையில் வந்து போனதை நான் பார்த்துவிட்டேன். ஸ்பேம் என்று புகார் கொடுத்தாகிவிட்டது என்று நன்றி சொன்னது போன்.

"அக்கா. இப்ப என்ன பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்?"

"என் மடல ஸ்பேம்னு அமுக்குன."

அவள் மீனைக் கீழே வைத்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு, எதற்கு மறைப்பது என்று தீர்மானித்தவள்போல நிமிர்ந்தாள்.

"ஆமா. அமுக்குனேன். எத்தன தடவ அமுக்குனாலும் வாரம் தவறாம சேல சேலன்னு வந்தா நான் என்னடி செய்ய? எனக்கு அறுபத்தஞ்சு வயசு, எத்தன சேல கட்டப்போறேன்?"

"வேண்டாம்னா விலகுறதுக்கு மேலயே பட்டன் இருக்கே. அத அமுக்கலாம்ல?"

"அத அமுக்குனா நீ காலையில எட்டு மணிக்குப் போன் போடுவ." அக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது. "நம்ம சம்மந்தியம்மா ஒரு தடவ அமுக்கிட்டு பட்ட பாடு எனக்குத் தெரியாதா? என்ன மனவருத்தம், பொண்ணு வீட்டுல எதுவும் குறையான்னு அர மணி நேரம் கேட்டிருக்க. அந்தம்மா பயந்துபோயி எனக்குப் போன் பண்ணி அழுதுச்சு. இந்த ஸ்பேம் பட்டன அமுக்குனா யாரு அமுக்குனான்னு உனக்குத் தெரியாதுன்னு சின்னவதான் சொன்னா."

சின்னவள் என்றால் எங்கள் கடைசித் தங்கை.

"சின்னவளும் அமுக்குறாளா?"

"எல்லாருந்தான் அமுக்குறோம்."

"எல்லாருன்னா?"

அக்கா மீனை மறுபடி கையில் எடுத்தாள். "உன்னைய விட்டுட்டு ஒரு குரூப் இருக்கு. அதுல எப்படி அமுக்குறதுன்னு சின்னவ படம் பிடிச்சுப் போட்டா. சம்மந்தி வீட்டு ஆளுங்களுக்கும் அனுப்பியாச்சு."

நான் ஆயுள் முழுக்க, என் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ஏதோ பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டவள். ஒரு தடவை அது உண்மையாக இருந்தபோது அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து, கோடு காட்டும் பக்கத்தை நானே திறந்தேன். மகள் கல்யாணப் பட்டியலைச் சேர்த்தது ஜனவரியில். அந்த மாதத்தில் கோடு லேசாகத் தலை தூக்கியிருந்தது. விலகியவர்களை நான் கூப்பிடத் தொடங்கியது பிப்ரவரியில். அங்கிருந்து கோடு ஏறு ஏறு என்று ஏறியிருந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் இரண்டு வாரம்போல இறங்கியிருந்தது. அது அவர் காலைப் பட்டியலை நிறுத்தி, நான் யாரையும் கூப்பிட முடியாமல் இருந்த நாட்கள். நான் அவரை அனுப்பிவிட்டுப் பட்டியலை மறுபடி வரச் செய்த அன்றிலிருந்து திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. மூன்றாவது கடை மடலைப் பற்றியும் விசாரித்தேன். அங்கேயும் லக்கி டிரா சீட்டுதான். என்னிடம் வாங்கும் அந்த இரண்டு பேரும் அங்கேயும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். படங்களை அடுக்கியிருந்த விதமோ மடல் அனுப்பும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஆயத்த வடிவம். நான் அதை என் சொந்தச் சொத்து என்று நினைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கவில்லை. ஃபெரியில் அக்கரைக்குப் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவளுக்கு அந்தப் பயணம் நீளமாகத்தான் இருக்கும்.

அவருடைய இடம் ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, ஓர் அறை. கதவு திறந்திருந்தது. அவர் வயர்களைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தே தண்ணி குடிக்கிறீங்களாக்கா?"

"வேணாம் தம்பி. நான் பண்ணுனது தப்பு. நீங்க எதையும் விக்கல. புகார் கொடுத்ததெல்லாம் என் வீட்டு ஆளுங்க. எனக்குப் பயந்துக்கிட்டு கொடுத்திருக்காங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்பவே ஏன் உடைச்சுச் சொல்லல?"

"உங்க சொந்தக்காரங்களே உங்களப் பிடிக்காம அமுக்குறாங்கன்னு எப்படிக்கா சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியைக் காட்டி என்ன இது என்று கேட்டேன்.

"உங்களத் தவிர இன்னும் மூணு கடை போயிருச்சு. மத்ததுலயும் புது வேல கொடுக்க மாட்டேங்கிறாங்க. இந்த ரூமுக்கே கட்டுப்படியாகல. பழைய ஃபேக்டரியில கேட்டேன், வரச் சொல்லிட்டாங்க. புதன்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"அந்த மூணு கடையும் திரும்ப வந்தா?"

"வந்தா நான் ஏன்க்கா போறேன்?" என்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "வருஷம் பூரா உங்க மடல் போய்ச் சேரணும்னு பாடுபட்டேன். என்னப் பத்தி நீங்க எழுதுனது மட்டும் ஒரு ஆள் விடாம போய்ச் சேந்துருச்சு."

நான் கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து அதே குழுவில் எழுதினேன். நான் முன்பு எழுதியது முழுக்கத் தவறு. என் பட்டியல் எங்கேயும் போகவில்லை. அவர் நேர்மையானவர், தவறு முழுக்க என்னுடையது, எல்லாரும் அவரை மறுபடி அழைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் படித்துக் காட்டினேன். "பெரிய வார்த்தையெல்லாம் வேணாம்க்கா" என்றார். ஒரு சொல்லையும் எடுக்காமல் அனுப்பினேன்.

ஒருவரும் பதில் போடவில்லை. படித்ததாக மட்டும் ஒவ்வொரு பெயராக ஏறியது. பத்து, பதினைந்து, இருபத்திரண்டு. அவர் வயர் சுருட்டுவதை நிறுத்திவிட்டு என் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு போன் அடித்தது. மசாலாக் கடை பாய். எனக்கு உயிர் வந்தது. கீழே மோட்டார்களின் இரைச்சலில் காது கேட்காது என்று சத்தமாகக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க?" பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"பட்டர்வொர்த்துல. அந்தத் தம்பி ஆபீஸ்ல."

"அதான் நெனச்சேன். அக்கா, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு எழுதச் சொல்றானா?"

"இல்ல பாய். நானாத்தான் வந்தேன். நானாத்தான் எழுதுனேன்."

"நீங்களா? நீங்க யாருகிட்டயும் தப்புன்னு சொன்னதே இல்லையேக்கா. உங்க பாஸ்வேர்டு எதையும் வச்சுக்கிட்டு மிரட்டுறானா?"

"பாய், சத்தியமா நான்தான் எழுதுனேன். என் மேலதான் தப்பு."

தம்பி என் எதிரில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து, கீழே கிடந்த வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். நான் போனில் இன்னும் இரண்டு தடவை அதையே சொன்னேன்.

"சரிக்கா, சரிக்கா, புரியுது" என்றார் பாய். "ஒண்ணும் பேசிக்காதீங்க. பத்திரமா வந்து சேருங்க."